எரிமலைத் தீவும் இரண்டு ரப்பர் குழாய்களும்

அந்தப் பயணத்தில் எங்களோடு வந்தவளை 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. 'அவள்' என்றே எழுதுகிறேன். அவள் என்னைப் பற்றி எங்காவது பேசியிருந்தால் இதைவிட மோசமாகத்தான் பேசியிருப்பாள்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கல்பாக்கத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன். நான் நர்ஸ். அடுத்த தெருவில், பெரிய குவார்ட்டர்ஸில், என் வீட்டுக்காரருடைய மேலதிகாரி இருந்தார். என்ஜினியர். அவருடைய மனைவிதான் நான் சொல்லும் அவள்.

நாங்கள் குடிவந்த புதிதில் அவள் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காபி கலந்து கொடுத்தேன். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு எந்த ஊர்?" என்றாள்.

"செங்கல்பட்டுக்குப் பக்கம்."

"செங்கல்பட்டுல எங்கே?"

"ஏரிக்கு அந்தாண்ட. காலனி."

டம்ளர் மெதுவாக மேசைக்குப் போனது. "எனக்குக் காபி ஒத்துக்கறதில்ல," என்று எழுந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட என்னைத்தான் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் போகும் நேரமெல்லாம் அவள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. என் கை அவள் தோள்பட்டையைப் பிடித்து ஊசி ஏற்றியபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் அப்படி.

இவ்வளவுக்குப் பிறகும் எல்.டி.சி.யில், அதாவது அரசாங்கம் பயணச் செலவு தரும் விடுப்பில், அந்தமானுக்குச் சேர்ந்து போகலாம் என்று ஆண்கள் இருவரும் ஒர்க்‌ஷாப்பிலேயே முடிவு செய்துவிட்டார்கள். எனக்குத் தெரியும்போது கப்பலுக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

"அவங்ககூட நான் வர மாட்டேன்," என்றேன்.

"அவரா கூப்டாரு. எப்டி மாட்டேன்றது? அங்க எரிமலைத் தீவு ஒண்ணு கீதாம். அதுக்கு அவருதான் பர்மிஷன் வாங்கிகினு கீறாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

"பொட்டி தூக்க ஆள் வேணும்னு கூப்ட்ருப்பாரு."

மெட்ராஸ் துறைமுகத்தில் அவர்களுடைய டிரங்குப் பெட்டியை என் வீட்டுக்காரர்தான் தூக்கினார்.

போர்ட் பிளேரில் எங்களுக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் கோவளத்துக்காரர். நம்ம மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கிற கோவளம்தான். மீன் வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். வாலிபத்தில் கப்பலேறி அங்கே வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஆனால் பேச்சு மட்டும் கோவளத்தை விட்டுக் கிளம்பவேயில்லை. எங்களைப் பார்த்ததும், "நீங்க இன்னா, நம்ம பக்கமா?" என்று சிரித்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது. பிறகு எல்லாம் அதட்டல்தான். அதைத் தொடாதே, இங்கே உட்காராதே, தண்ணியைச் சிந்தாதே.

ராத்திரி முழுக்க லாஞ்ச் எனும் மோட்டார் படகில் போய், விடிந்தபோது தீவு எதிரே நின்றது. கடலிலிருந்து நேராக எழும்பிய கறுப்பு மலை. மரங்கள் ஒரு பக்கம் மட்டும் இருந்தன. மறுபக்கம் எரிந்து ஆறிப்போன அடுப்பு மாதிரி இருந்தது. அப்போது எரிமலை தூங்கிக்கொண்டிருந்த காலம். புகை கிடையாது. எங்கோ ஒரு வெடிப்பிலிருந்து கந்தக வாடை மட்டும் வந்து போனது. ஆள் குடியிருப்பே இல்லாத அந்த இடத்தில் பாறை விளிம்பில் ஆடுகள் நின்று எங்களைப் பார்த்தன. யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன ஆடுகளின் வம்சமாம். வௌவால்கள் பகலிலேயே கூட்டமாகப் பறந்தன. கடல் கழுகு ஒன்று எங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டபடி கூடவே வந்தது.

"மொதல்ல மலை. அப்பால தண்ணி. மலைல நான் வெச்ச அடிலதான் நீங்க அடி வெக்கணும்," என்றார் வழிகாட்டி.

மலை என்றா சொன்னேன்? கரித்தூள் குவியல். ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கும். செருப்புக்குள் எல்லாம் கறுப்பு மண். வழிகாட்டிக்குப் பின்னால் என்ஜினியர் போனார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசியில் வந்தாள். அவளுக்குச் சற்று மேலே நானும், எனக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்காரரும். நான் அவருடைய பழைய பேண்ட்டையும் முழுக்கைச் சட்டையையும் போட்டிருந்தேன். அதைப் பார்த்ததிலிருந்து அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டேதான் இருந்தாள்.

பாதி தூரத்தில் அவள் சறுக்கினாள். முட்டி போட்டு, கையை ஊன்றி, எழுந்திருக்க முடியாமல் தவித்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன். யோசிக்காமல் நீட்டியதுதான். விழுந்த ஆளைப் பார்த்தால் நர்ஸ் கை தானாக நீளும். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிக் கையை நீட்டி, என் வீட்டுக்காரர் ஊன்றியிருந்த கம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

உச்சிவரை போகவில்லை. வெயில் ஏறிவிட்டது, கீழே மண் கொதிக்கும் என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். இறங்கி வந்தபோது எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டு போயிருந்தது. மலையால் அல்ல.

கரையில் ஒரு பாறை நிழலில் வழிகாட்டி தன் சாக்குப்பையைத் திறந்தார். இரண்டு கண்ணாடி முகமூடிகள். இரண்டு ரப்பர் குழாய்கள். எந்தக் காலத்திலோ வந்த வெள்ளைக்கார ஆராய்ச்சிக்காரர்கள் விட்டுப்போனவை. முகமூடியை மாட்டிக்கொண்டு, குழாயின் ஒரு முனையை வாயில் கவ்வி, மறுமுனை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி மிதந்தால், முகத்தை எடுக்காமலே மூச்சு விடலாம், கடலுக்கு அடியில் இருப்பதெல்லாம் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தார். "நீச்சல் யாருக்குத் தெரியும்?"

என்ஜினியர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

"நீயா தங்கச்சி? எங்க கத்துகின?"

"ஏரில," என்றேன். எங்கள் ஜனங்கள் ஆண்டை கிணற்றில் இறங்கக் கூடாது. அதனால் காலனிப் பிள்ளைகள் எல்லோரும் ஏரியில்தான் நீந்தினோம். அதை அங்கே சொல்லவில்லை.

முதலில் என்ஜினியரையும் என்னையும் கூட்டிப்போனார். முகத்தைத் தண்ணீரில் வைத்த அந்தக் கணத்தில் எனக்குக் கோபம் எல்லாம் மறந்துபோனது உண்மை. மேலே அவ்வளவு மொட்டையாக இருந்த அதே கறுப்புப் பாறை, தண்ணீருக்கு அடியில் பூத்துக் கிடந்தது. நீலமும் மஞ்சளுமாக மீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம்கூடக் கேட்டது. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கடல்பாம்பு ஒன்று அவசரமே இல்லாமல் எனக்குக் கீழே போனது. கரைக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்தது அவளுடைய முறை. நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் குனிந்து பார்த்தால் போதும் என்றார் வழிகாட்டி. என் கையிலிருந்த முகமூடியையும் குழாயையும் வாங்கி, கடல்நீரில் அலசி, அவளிடம் நீட்டினார்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "இது வேண்டாம். அவரோடதைக் கொடுங்க."

"அது பெரிசும்மா. உங்க மூஞ்சிக்கு நிக்காது. தண்ணி பூந்துடும்."

"பரவாயில்ல. அதையே கொடுங்க."

"இன்னாம்மா இது? ரெண்டும் ஒரே ரப்பர்தான்."

"அதுக்கில்ல. வாயில வெக்கிற சாமான். இன்ஃபெக்‌ஷன் வரும்." என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

நான் அவள் எதிரே போய் நின்றேன். "இன்ஃபெக்‌ஷனா? உங்களுக்கு ஊசி போட்டது இந்தக் கைதான். அப்ப வரலியா?"

"நான் பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொன்னா உங்க வீட்டுக்காரர் எச்சிலும் எச்சிலுதான்."

"நீ சும்மா இரு," என்றார் என் வீட்டுக்காரர். அந்தத் தீவில் இறங்கியதிலிருந்து அவர் எனக்காகத் திறந்த வாய் அது ஒன்றுதான். என்னை அடக்குவதற்கு.

என்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அவருடைய குழாய் பாறைமேல் காய்ந்துகொண்டிருந்தது. நான் போய் அதை எடுத்தேன். எல்லோரும் பார்க்க, அதன் முனையை என் வாய்க்குள் முழுசாக வைத்துக் கடித்தேன். பல் பதியக் கடித்தேன். கூடவே கிடந்த அவருடைய முகமூடியை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டேன். வழிகாட்டி கையில் இருந்த என்னுடையதையும் பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

பின்னால் வழிகாட்டி கத்துவது கேட்டது. அவள் குரலும் கேட்டது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மத்தியானம் முழுக்க நான் வெளியே வரவில்லை. ஒரு குழாய் சலித்தால் இன்னொன்றை மாற்றிக்கொண்டேன். ஆமை ஒன்று பாறையிடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு எதையோ பிய்த்துத் தின்றது. நான் மேலே மிதப்பதை அது சட்டை செய்யவில்லை. அதன் பின்னாலேயே போனேன். திடீரென்று பாறை முடிந்துவிட்டது. கீழே கறுப்புச் சுவர் ஒன்று செங்குத்தாக இறங்கி, நீலம் கறுத்து, அடியே தெரியவில்லை. அந்த ஆழத்திலிருந்து வீடு அகலத்துக்கு ஒரு திருக்கை, துணியை உதறுவதுபோல இறக்கையை அசைத்துக்கொண்டு மேலே வந்தது. என் நிழலுக்குள் வந்தது, திரும்பியது, போய்விட்டது. பயத்தில் குழாயில் தண்ணீர் புகுந்து புரையேறிவிட்டது.

தலையைத் தூக்கியபோது பக்கத்தில் சின்னப் படகில் வழிகாட்டி உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து வந்தாரோ.

"ஏறு," என்றார்.

ஏறினேன். அவர் எனக்காகப் பேசுவார் என்று எங்கோ ஒரு நினைப்பு எனக்கு இருந்திருக்க வேண்டும். அவர் குழாயின் முனையைத் திருப்பிப் பார்த்தார். பல் பட்ட இடத்தில் ரப்பர் கிழிந்திருந்தது.

"உன் சண்டைய கரைல வெச்சிக்க. இது என் சாமான். இத வெச்சிதான் நான் சோறு துன்றேன். நீ முழுகிப் பூட்டா என்னைத்தான் புடிப்பாங்க. தெரியுமா?"

"அவ சொன்னது உங்களுக்குக் கேக்கலியா?"

"கேட்டுது. எல்லாம் எனக்கும் கேட்டுதான் கீது. அதுக்கு ரப்பர் இன்னா பண்ணிச்சு?"

அவர் கோபம் நியாயம்தான். கிழிந்ததற்கு ஈடாகப் போர்ட் பிளேரில் பணம் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

கரையில் அவள் முகம் வெயிலில் வெந்து சிவந்திருந்தது. கடலைத் தாண்டி வந்து, அவ்வளவு மலை ஏறி, ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. லாஞ்ச் ஊதிவிட்டது. இனி நேரமில்லை. அவள் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "புத்தி."

மேலே சொல்லாமல் விட்டதை நானே கேட்டேன். "என்ன புத்தி? முழுசா சொல்லுங்க."

அவள் லாஞ்சைப் பார்த்து நடந்தாள்.

லாஞ்சின் பின்பக்கத்தில் என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உனுக்கு இன்னா, பைத்தியமா? நாளைக்கி அந்த ஆளு மூஞ்சில நான்தானே முழிக்கணும்?"

"முழி. மூஞ்சியப் பாத்து முழி. தரையப் பாத்துகினே நிக்காத."

"என் வேலை போனா?"

"எனக்கு வேலை கீது."

அதன்பிறகு மெட்ராஸ் வரும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. திரும்பும் கப்பலில் என்ஜினியர் மட்டும் ஒருநாள் மேல்தளத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அவ வளர்ந்த விதம் அப்படி," என்றார்.

"நானும் ஒரு விதமா வளர்ந்தவதான் சார்," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர் என்று அவரை எல்லோரும் சொல்வார்கள். பாறைமேல் நின்று கடலைப் பார்த்த அந்த நல்ல மனிதரை நான் மறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. வேலை போகவில்லை. என்ஜினியர் அவரைத் தோளில் தட்டிப் பேசுவதை நிறுத்தினார், அவ்வளவுதான். அதற்கே இவர் பல மாதம் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் ஏற்பட்ட விரிசல் மெல்ல மெல்ல மூடியது. ஆனால் அந்தத் தீவைப் பற்றி யாராவது கேட்டால், "செம வெயிலு," என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வார். திருக்கையைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

அவளை அதற்குப் பிறகும் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. சின்ன ஊர். ஒருநாள் சாயங்காலம் செங்கல்பட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறைந்திருந்தது. அவள் பக்கத்து இடம் மட்டும் காலி. போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கணமே அவள் எழுந்துவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை நின்றாள், அதற்கப்புறமும் நின்றாள். ஒவ்வொரு வளைவிலும் யார் யார் மேலோ மோதிக்கொண்டு, செங்கல்பட்டு வரை நின்றபடியே வந்தாள். ஒரு பெரியவர், "எடம் கீதேம்மா, ஒக்காரு," என்று சொல்லிப் பார்த்தார்.

நான் ஜன்னலோரமாக நகர்ந்து, பையைப் பக்கத்தில் வைத்து, காலை நீட்டிக்கொண்டேன்.