தைலம் விட்ட காது மிசின்

நேற்றுக் காலை என் உள்ளங்கையில் ஒரு காது மிசின் கிடந்தது. என்னுடையது இல்லை. தைல வாடை குப்பென்று அடித்தது.

"காது வலிச்சா தைலம் விடுவோம்ல தம்பி, மிசினுக்கும் நாலு சொட்டு விட்டேன். ஊமையாயிருச்சுலா!" என்று கத்தினார் கொண்டுவந்தவர். செம்பனை எண்ணெய் மில்லில் எங்களை வேலை வாங்கிய மண்டோர். இப்போது கோலா சிலாங்கூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். மிசின் துடைப்பதில் நான் கெட்டிக்காரன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கெட்டிக்காரத்தனமாவது! எல்லாம் பயம். பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் காது மிசினோடு வந்த தாள் பாதிதான் புரிந்தது. புரியாத பாதிக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன். தினமும் துணியால் துடைத்து, பேட்டரி மூடியைத் திறந்துவிட்டு, கால் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு பிஸ்கட் டின்னில் வைப்பேன். டின்னை மூடினேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். "அதுக்குத் தாலாட்டும் பாடிட்டு வாங்க" என்பாள் மனைவி. மிசின்தான் டின்னுக்குள் இருக்கிறதே, அவள் வாயசைவைப் பார்த்துத்தான் நான் சிரிப்பேன்.

மண்டோர் மிசினில் அடித்தது அந்தக் காலத்து அதே தைலம்தான். மில்லில் அவருடைய இரும்பு அலமாரியில் அந்தச் சீசா இருக்கும். பக்கத்திலேயே ஒரு பெட்டி நிறைய மஞ்சள் காதடைப்பான்கள். பார்வையிட அதிகாரி வரும் நாளில் ஆளுக்கொரு ஜோடி கொடுப்பார். கார் கேட்டைத் தாண்டிப் போனதும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார். எனக்குக் காதைப் பிளக்கும் பாய்லர் பக்கம் வேலை. பத்தொன்பது வயதில் காதுக்குள் விசிலடிக்க ஆரம்பித்ததும் அவரிடம் போய் ஒரு ஜோடி கேட்டேன்.

"காதுல பஞ்சா? நீ என்ன பொணமாடா? மூக்குலயும் வச்சுக்க, தூக்கிருவோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த மிசினைத் துடைக்கும்போது சத்தம் வெளிவரும் வாய்ப்பகுதி கீழே பார்க்க வேண்டும். அப்போதுதான் அழுக்கு வெளியே உதிரும். மேலே பார்க்கப் பிடித்துத் தூரிகையால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். என் கை அதைத் திருப்பியே விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், திருப்பினேன். பிறகு தோன்றியது: செவிடாகிவிட்டால் இந்த மனுசன் தப்பித்துவிடுவார்.

கீழே பார்க்கப் பிடித்தேன். தைலம் போகும்வரை துடைத்தேன். என்னிடமிருந்த புது அழுக்கு வடிகட்டியைப் பொருத்தினேன். என் மிசினைக்கூட அவ்வளவு பொறுமையாகத் துடைத்ததில்லை.

மாட்டிவிட்டு மெதுவாகக் கேட்டேன்: "கேக்குதா மண்டோரே?"

"அடேயப்பா! கண்ணாடி மாதிரி கேக்குதுலா!"

"அலமாரியில ஒரு பெட்டி காதடைப்பான் இருந்துச்சே. ஏன் பூட்டி வச்சீங்க?"

முகம் மாறியது. கை காதுக்குப் போனது. மிசினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கு தம்பி."

வாசல்வரை போய் வழியனுப்பினேன். வெள்ளிக்கிழமை மறுபடி கொண்டுவரச் சொல்லி விரலால் சைகை காட்டினேன். தலையாட்டினார். வரட்டும். ஒவ்வொரு வெள்ளியும் பளிச்சென்று துடைத்து மாட்டிவிட்டு அதையே கேட்பேன்.

மில் நின்ற இடத்தில் இப்போது வரிசை வீடுகள். புகைபோக்கி இல்லை, சங்கு இல்லை, அந்த அலமாரி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது. பாய்லர் மட்டும் இன்னும் ஓயவில்லை. மிசினைக் கழற்றி டின்னில் வைத்ததும் என் இடது காதுக்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது.