எலி கடித்த சலவைத்தூள் பைக்கற்

பொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பயந்துபோய் வாங்கிக் குவித்த சலவைத்தூள் பைக்கற்றுகள் எங்கள் வீட்டு அலுமாரியிலேயே கிடந்து கல்லாகிவிட்டன. அவற்றை என் உடுப்புக்குப் போட மனம் வரவில்லை. மண்சரிவில் வீடிழந்தவர்களுக்குச் சாமான் சேர்த்தபோது, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிட்டு நன்றியும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம், உக்குவளையில் அவர்கள் தங்கியிருந்த பாடசாலைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். குழாயடியில் ஒரு தாய் பைக்கற் ஒன்றைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். எலி கடித்த மூலைக்கு நான் டேப் ஒட்டிக் கொடுத்த அதே பைக்கற்! அவர் மகளின் சீருடையில் கரையாத தூள் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"அலசியும் போகலையா?" என்று கேட்டேன்.

"தூள் நல்லதுதான்க்கா. எனக்குத்தான் கரைக்கத் தெரியல. பாவம், யாரோ மனசோட குடுத்திருக்காங்க."

கொடுத்தது நான்தான் என்று சொல்லாமலே, சாப்பாட்டை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து, மிஞ்சிய பைக்கற்றை உடைத்துச் சுடுதண்ணீரில் கரைத்துத் துவைத்தேன். அழுக்கு நன்றாகவே போனது. சுடுதண்ணீரில் கரையும் என்று அந்தத் தாயிடம் சொல்ல மறுபடி போனபோது, அவர்களை வேறெங்கோ அனுப்பிவிட்டிருந்தார்கள்.

இப்போது எதைக் கொடுப்பதென்றாலும், முதலில் நான் பாவித்துப் பார்க்கிறேன். எனக்கே வேண்டாமென்றால், அது என் வீட்டிலேயே கிடக்கட்டும்.