தங்கையின் படத்துக்கு நான் போட்ட மாலை

படப்பையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று பல்லைக் காட்டும் முகங்களை ஒட்டி ஒட்டியே என் வயது போனது. அதனால், எங்கள் பக்கத்து இயக்குநர் ஒருவர் தன் த்ரில்லர் படத்துக்கு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து படப்பை வரை ஒட்டப் போஸ்டரும், ஒரகடத்தில் வைக்கப் பெரிய பேனரும் வேண்டும் என்று வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கத்தி, ரத்தம், இருட்டில் ஒரு கண் என்று நாலைந்து டிசைன் காட்டினேன். "ரத்தம் வேணாம்மா. பாத்தவன் வண்டிய நிறுத்தணும்," என்றார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஓடுகிறவன்கூட நின்று படிக்கும் போஸ்டர் ஒன்றே ஒன்றுதான்: கண்ணீர் அஞ்சலி. செத்தது யார், தெரிந்தவரா, என்ன வயசு என்று பார்க்காமல் யாராலும் தாண்ட முடியாது. மறுநாள் என் திட்டத்தைச் சொன்னேன். முதல் மூன்று நாள் வெறும் கண்ணீர் அஞ்சலி. ஒரு பெண்ணின் படம், மாலை, இரண்டு பக்கமும் விளக்கு, கீழே 'இவளை உங்களுக்குத் தெரியும்' என்று ஒரு வரி. நான்காம் நாள் அதன்மேல் சினிமாவின் பெயரை ஒட்டிவிட வேண்டும். அவர் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நடிகை முகம் கூடாது, பக்கத்து வீட்டுப் பெண் முகம் வேண்டும் என்றார். எனக்கு என் தங்கை ஞாபகம்தான் வந்தது. செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். மாதா கோவில் திருவிழாவில் நான் எடுத்த படம் ஒன்று இருந்தது. போடட்டுமா என்று கேட்டேன்.

"இன்னாக்கா, என்னிய சாவடிக்கப் போறியா?" என்று சிரித்தாள். "போட்டுக்கோ. கொஞ்சம் அழகா காட்டு."

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? பிறந்தநாள் பேனரில் படத்தைச் சுற்றிப் பூ வைத்தாலே, மாலை மாதிரி தெரிகிறது, மாற்று என்பார்கள். எத்தனை முறை மாற்றியிருக்கிறேன். ஆனால் முகம் என்பது எனக்கு வெட்டி ஒட்டுகிற சமாசாரமாகிவிட்டிருந்தது. அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. தப்பு என்று என் மனசுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அப்போது தங்கைக்குக் கல்யாணம் கூடி வரும் நேரம். பையன் தெற்கத்திக்காரன், கார் கம்பெனியில் வேலை, தண்டலத்தில் ரூம். ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் பழக்கம். அவன் அம்மாவைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் சொல்லாமல் வந்து ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம்தானே. அந்த அம்மாவும் வியாழனன்றே வந்து, எங்கள் மணிமங்கலத்துக்குப் போக பஸ் ஏறியிருக்கிறார். மகன் போனில் காட்டிய முகம் வழியெல்லாம் சுவரில், மாலையோடு. ஒரகடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு. அங்கேயே இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்து, பார்க்காத மருமகளுக்காக அழுதிருக்கிறார்.

சொந்தக் காசில் சூனியம் என்பார்கள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்தேன், அதுவும் தங்கைக்கு.

சினிமா விளம்பரம்தான் என்று மகன் ஓடி வந்து சொல்லியும் அவர் மனசு ஆறவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். நானும் அம்மாவும் தண்டலம் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். அவர் கெட்டவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வேணும்னா செஞ்ச? இல்ல தாயி. ஆனா அவள நான் மொத மொத பாத்ததே மாலையும் வெளக்குமால்லா? நாளைக்கு எம் புள்ளைக்கு ஒரு தலவலின்னாலும் எனக்கு அந்தப் படந்தான ஞாபகம் வரும்."

பையன் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். நீயாவது சொல்லப்பா என்றேன். "அம்மா மனச மீறி எப்படிக்கா," என்றான். இரண்டு வருஷம் மீறினவன்தான்.

நான்காம் நாள் சினிமாவின் பெயரை அவள் கழுத்துக்குக் கீழே ஒட்டினார்கள். இயக்குநர் போன் செய்து பாராட்டினார். அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. தங்கை வழக்கம்போல ஷிஃப்டுக்குப் போனாள், கேட்காமலே ஓவர்டைம் பார்த்தாள். அந்தப் பையன் ஒரகடம் ஸ்டாப்புக்கு வருவதையே விட்டுவிட்டான். கம்பெனி பஸ்ஸில் நேராகப் போய்விடுவான்.

படம் தியேட்டரை விட்டுப் போனதும் பேனரை இறக்கிவிட்டார்கள், சுவரில் ஒட்டிய போஸ்டர் போகவில்லை. ஒரு காலையில் ஒரு பக்கெட்டும் தோசைத் திருப்பியும் எடுத்துக்கொண்டு ஒரகடம் பஸ் ஸ்டாப் சுவருக்குப் போனேன். தண்ணீர் ஊற்றிச் சுரண்டத் தொடங்கியபோது, ஷிஃப்ட் முடிந்து தங்கை வந்து நின்றாள்.

"இன்னாக்கா பண்ணினுகீற?"

"கிழிக்கிறேன்டி. உன் மூஞ்சிய இப்பிடிப் பாக்க முடியல."

"அவன் பஸ்ஸு டெய்லி இப்டித்தான் போவுது."

"அதுக்குத்தான் கிழிக்கிறேன்."

தோசைத் திருப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வுடுக்கா. இது கூட இல்லன்னா அவன் எங்க என்னியப் பாக்கப் போறான்?"

கன்னத்தருகே கிழிந்து தொங்கிய காகிதத்தை, ஈரம் காய்வதற்குள், அவளே உள்ளங்கையால் நீவிச் சுவரில் ஒட்டினாள்.