கோரிக்கை கடைசியில்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேசத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது எங்கள் பெண்களின் வாயை எந்தக் கொம்பனாலும் அடக்க முடியாது. ஆனால் ஆபீஸ் வாசலில், தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் நின்று பேசுவது வேறு. அதற்கென்று தொழிற்சங்கத் தலைவர் இருந்தார். அவர் என் வீட்டுக்காரரின் தாய்மாமன்; எனக்கும் மாமாதான். ஐம்பதுகளின் நடுவில் நான் கொஸ்லந்தையிலிருந்து பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, "தலைவர் வீட்டுக்கு மருமகளாப் போற, ஒனக்கென்ன கொற" என்றுதான் அனுப்பி வைத்தார்கள். நானும் நம்பிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முற்றத்தில் இளவட்டங்களை உட்காரவைத்து அவர் பேச்சுப் பழக்குவார். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் கூட்டங்களுக்குப் போய்ப் பெரிய பேச்சாளர்களைக் கேட்டுவிட்டு வந்தவர். காலை அகட்டி நில், துண்டைத் தோளில் போடு, கூட்டத்தின் கடைசி ஆளைப் பார், மூச்சை அடிவயிற்றிலிருந்து எடு என்று அவர் சொல்லித் தருவதைப் பெண்கள் நாங்கள் பின்னால் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்போம். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வைத்திருந்தது ஒரு வரிசை. முதலில் வணக்கம், பிறகு நன்றி, பிறகு நம் வரலாறு, கோரிக்கை கடைசியில்.

"எடுத்த எடுப்புலயே கேட்டா அது பிச்ச" என்பார். "கேக்குறவன் மனசு எளகுற வரைக்கும் பேசணும். அப்புறம் கேட்டா இல்லன்னு சொல்ல அவனுக்கு வாய் வராது."

இதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இரண்டு காய்ந்த மிளகாய் கேட்டு வருகிறவள்கூட முதலில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்காருவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்பாள், மாடு கன்று போட்டதா என்பாள், கொடுத்த தேத்தண்ணியைக் குடிப்பாள். எழுந்து வாசலில் கால் வைத்த பிறகுதான், ஏதோ அப்போதுதான் நினைவு வந்ததுபோல, "அப்புறம், ரெண்டு மொளகா இருக்குமா" என்பாள். நேராகக் கேட்டவளை நாங்கள் வளர்ப்புச் சரியில்லாதவள் என்போம். அதே மரியாதையை மாமா ஆபீஸ் வாசல் வரைக்கும் கொண்டு போனார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்தபடி என் வீட்டுக்காரர் தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டிருக்க, கணக்கப்பிள்ளை குடை பிடித்தபடி மேலே நின்று வெட்டு சரியில்லை என்று திட்டியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, செத்துப்போன என் மாமியாரையும் இழுத்திருக்கிறார். வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை என் வீட்டுக்காரர். பேசத் தெரிந்திருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பார். அது தெரியாததால் அந்தக் குடையைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் அவருக்கு வேலை இல்லை என்றார்கள்.

அவருக்கு மட்டுமா? புருஷனை நிறுத்தினால் பெண்சாதியையும் சேர்த்து நிறுத்துவது அங்கே வழக்கம். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "ஒன் பேரும் வெட்டியாச்சு, வீட்டுக்குப் போ" என்றார்கள். மாசக் கடைசிக்குள் லயத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும். வயிற்றில் எனக்கு ஆறு மாதம். வேறு தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள். சண்டைக்காரன் என்ற செய்தி ஆளுக்கு முன்னால் போய்விடும். கொஸ்லந்தையில் என் அண்ணன் வீட்டில் ஒரே காம்பராவுக்குள் ஏற்கெனவே மூச்சு விட இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. குடையை எறிந்தது அவர். நான் எதை எறிந்தேன்? என் பேர் அவர் பேரோடு சேராமல் என் பேராக இருந்தால், கொழுந்து எடுத்தாவது அந்தக் காம்பராவில் பிள்ளையைப் பெற்றிருப்பேன்.

துரை வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் ஆபீஸில் உட்கார்ந்து சங்கத்தின் முறைப்பாடுகளைக் கேட்பார். மாசம் முடிய அப்படி ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது. அதற்கு முந்தின சாயந்திரம் மாமா எங்கள் இஸ்தோப்பில் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். நானும் என் வீட்டுக்காரரும்தான் சபை. நல்ல பேச்சு, பொய் சொல்லக்கூடாது. எனக்கே புல்லரித்தது. ஆனால் நான் என் காரியத்துக்காகக் காத்திருந்தேன்; அது வரவே இல்லை. பீலி பழுதுபார்த்ததற்கு நன்றி வந்தது. திருவிழாவுக்கு லொறி தந்ததற்கு நன்றி வந்தது. எங்கள் பாட்டன்மார் காடு வெட்டின கதை வந்தது, கப்பலில் வந்த கதை வந்தது. தேத்தண்ணி ஆறிப்போன பிறகு, கடைசியில் நான் வந்தேன், இரண்டு வாக்கியத்தில்.

"மாமா, எங்க விசயத்தக் கொஞ்சம் முன்னுக்குச் சொன்னா என்னங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "அடுப்புல ஒல வைக்காமலேயே சோறு வடிக்கச் சொல்றியே, புள்ள. நீ பயப்படாத. கடைசியில சொல்றதுதான் மனசுல நிக்கும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பேச்சுக்கு மேல் பேச்சு அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் மென்று விழுங்கிக்கொண்டு தம்ளரை எடுத்துப் போனேன்.

மறுநாள் ஆபீஸ் முற்றத்தில் லயத்து ஆட்களோடு, முறைப்பாட்டுக்காரர்கள் நிற்க வேண்டிய இடத்தில், தண்ணீர் ஓடும் கானுக்கு வெளிப்பக்கம் நின்றோம். தலைவர் மட்டும் கானைத் தாண்டி ஜன்னல் வரைக்கும் போகலாம். உள்ளே வெள்ளைக்காரத் துரை, பக்கத்தில் பெரிய கிளாக்கர். கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர், மாமா பேசுவதை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது அவர் வேலை. துரைக்கும் தமிழ் தெரியும். ஆனால் அது வா, போ, வெட்டு, நிறுத்து என்கிற தமிழ். அதற்குள் கப்பலும் வரலாறும் எங்கே அடங்கும்?

மாமா துண்டைச் சரிசெய்து, காலை அகட்டி நின்று ஆரம்பித்தார். "மாண்புமிகு துரை அவர்களே, கனம் பொருந்திய கிளாக்கர் ஐயா அவர்களே." அந்தக் குரல் தேயிலை அரைக்கும் ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கும். கொழுந்து ஸ்டோரில் வேலை செய்தவர்கள்கூட வாசலுக்கு வந்து நின்றார்கள். துரை முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். முன்னால் சாய்ந்து, மாமா முகத்தையே பார்த்தார். அந்த நேரத்தில் கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பதில் கிடைத்திருக்கும், ஆமென்றோ இல்லையென்றோ.

மாமா பீலிக்கு நன்றி சொன்னார். இங்கே அவர் ஒரு குடம் நிறையப் பேச, அங்கே கிளாக்கர் ஒரு கை தண்ணீர்போல இங்கிலீஷில் ஊற்றினார். துரை தலையாட்டினார். லொறிக்கு நன்றி. மறுபடியும் தலையாட்டல். காடு வெட்டின கதை தொடங்கியதும் துரையின் கை பேனாவுக்குப் போனது. வேறு எதற்கோ கையெழுத்துப் போடத் தொடங்கினார். பேசுகிறவரோ எங்கள் பக்கம் திரும்பி, கூட்டத்தின் கடைசி ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தான் பழக்கிக் கொடுத்தபடியே. முன்னால் உட்கார்ந்திருந்த ஆளை யாரும் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

கிளாக்கருக்கும் அது புரிந்திருக்கிறது. குரலைத் தாழ்த்தி, "விசயத்துக்கு வாரும் தலைவர், துரை எழும்பப் போறார்" என்றார்.

மாமா கையை உயர்த்தி, "வருகிறேன் ஐயா, வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பல் கதைக்குப் போனார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். தட்டாதீங்கடா பாவிகளா என்று என் மனசு கத்தியது. கை தட்டத் தட்ட அவருக்குக் கப்பல் நீண்டுகொண்டே போனது.

ஸ்டோர் சங்கு ஊதியது. சாயந்திரக் கொழுந்து நிறுக்கிற நேரம். துரை எழுந்து தொப்பியை எடுத்தார். மாமா அப்போதுதான் "இறுதியாக" என்று வாயெடுத்தார்.

நான் கானைத் தாண்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "தொர, கொடைய எறிஞ்சது அவரு. கொழுந்து எடுக்குறது நானு. என் பேர ஏன் வெட்டுனீங்க?"

துரை நின்றார். தொப்பி கையிலேயே இருந்தது. அவருக்குப் புரிந்தது, நான் சத்தியம் செய்வேன். எறி, எடு, வெட்டு, எல்லாம் அவருடைய தமிழ்தான். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், வயிற்றையும் பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார். "பொம்பள பேசாதே. தலைவர் பேசு."

"இப்ப சொல்லும், தலைவர்" என்றார் கிளாக்கர். "அதைத்தான் கேக்கிறார். சொல்லும்."

ஒரே வாக்கியம். ஜன்னல் திறந்திருந்தது, துரை நின்றுகொண்டிருந்தார், கேட்கத் தயாராக இருந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். காது மடல்வரை சிவந்திருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் மருமகள் தன் பேச்சுக்குள் பாய்ந்துவிட்டாள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"மன்னிக்கணும் தொர. சின்னப் புள்ள. சபை தெரியாமப் பேசிருச்சு."

கிளாக்கர் மாமாவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னார். வேறு என்ன செய்வார்? துரை தலையாட்டினார். "சரி, சரி, கோபம் இல்லே" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார். நான் கேட்டது வேலை. கிடைத்தது மன்னிப்பு.

அன்று சாயந்திரம் லயமே எங்கள் வாசலில். துக்கம் விசாரிக்க வந்தார்கள் என்று பார்த்தால், மாமாவின் பேச்சைப் புகழ வந்திருந்தார்கள். "கப்பல் கதையச் சொன்னாரு பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. அதே மூச்சில் என்னையும் ஏசினாள். "நீ மட்டும் நடுவுல பாயாம இருந்திருந்தா, அவரு நல்லபடியா முடிச்சிருப்பாரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதை முடித்திருப்பார்? காலி நாற்காலிக்கா சொல்லி முடித்திருப்பார்? ஆனால் வாயைத் திறந்தால் சபை தெரியாதவள் என்பது மெய்யாகிவிடும். அடுப்படியில் போய் உட்கார்ந்து ஈர விறகை ஊதினேன். புகைதான் வந்தது.

மாமா கெட்டவர் இல்லை. அது தெரிந்ததால்தான் இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு அவர் இரண்டு தோட்டங்களுக்கு நடையாய் நடந்து, எங்களைப் பதிந்துகொள்வார்களா என்று கேட்டுவிட்டு வந்தார். செருப்பில்லாத கால் வெடித்திருந்தது. எங்கும் இல்லை என்றார்கள். அங்கேயும் நன்றியில்தான் தொடங்கியிருப்பாரோ என்று நினைத்தேன், கேட்கவில்லை.

மாசக் கடைசியில் சாமான்களை மூட்டை கட்டினோம். தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்கு மாலை போட்டு, நாலு வார்த்தை பேசி அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். வேண்டாம் என்றால் திமிர் என்பார்கள். லயத்து வாசலில் பெஞ்சு போட்டு எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்கள். கழுத்தில் சாமந்தி மாலை. முன்னால் ஆட்கள், பின்னால் சுவர். மாமா எழுந்து நின்றார்.

இந்தத் தடவை வணக்கம் இல்லை, நன்றி இல்லை, கப்பலும் இல்லை. "கொடைய எறிஞ்சது என் மருமகன்" என்றார். "இந்தப் புள்ள எதையும் எறியல. கொழுந்து எடுத்துச்சு. புருசன் செஞ்சதுக்குப் பொண்டாட்டி பேர வெட்டுறது என்ன நியாயம்? அவ பேரு அவளுக்கு வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை அதிகமும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை. பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் கை ஓயாமல் தட்டினார்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்த விஷயம் அது. தெரிய வேண்டிய ஆள் மேலே பங்களாவில் இருந்தார். கைதட்டல் சத்தம் மட்டும் அங்கே கேட்டிருக்கும்.

பிறகு மாமா பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். கண் கலங்கியிருந்தது. "சரியாச் சொன்னேனா, புள்ள?"

கையில் மூட்டை, வயிற்றில் பிள்ளை, கழுத்தில் மாலை. சுற்றி எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் என் பேச்சைக் கேட்க அத்தனை பேர் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

"சரியாச் சொன்னீங்க மாமா" என்றேன்.