மைதானத்தில் இருபது பேர்

மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாத ஒன்றைக் கற்றுக்கொடுப்பதுதான் உடற்கல்வி ஆசிரியரின் வேலை. அதனாலேயே அதைப் பாடம் என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. என்னைப் போலக் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு, பருவ முடிவில் அறிவிப்புப் பலகையைப் பார்க்கவே பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

கள்ளக்குறிச்சி பக்கத்தில் ஒரு கல்லூரி. உடல்நலப் பழக்கங்கள் பற்றிய பாடம். அதற்குத் தேர்வு கிடையாது. சேர்ந்த அன்றே முதல்வர் சொல்லிவிட்டார்: வகுப்பு நேரத்துக்கு வெளியே, தாங்களாக விரும்பி, இருபது மாணவர்களாவது பயிற்சிக்கு வர வேண்டும். வராவிட்டால் அடுத்த பருவத்தில் அந்த நேரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விடும். வகுப்பு போனால் நானும் போக வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அம்மாவும் அப்பாவும் ரிஷிவந்தியம் பக்கம் இன்னும் கரும்பு வெட்டப் போகிறார்கள். வேலை இப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை.

என் இடம்

ஆசிரியர் அறையில் எனக்கு நாற்காலி இல்லை. விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில், கேரம் போர்டுகளுக்கும் கிழிந்த வாலிபால் வலைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பேன். காலை வணக்கத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும் நாட்களும் உண்டு. யாராவது கதவைத் தட்டினால் அது கணக்கு ஆசிரியராகத்தான் இருக்கும். என் வகுப்பு நேரத்தைக் கேட்டு வருவார். மூன்று முறை கொடுத்தேன். நான்காவது முறை தயங்கினேன். அவர் என் தோளில் கை வைத்து, அன்பாகவே சொன்னார்: “கோச்சிக்காத தம்பி. உன் பீரியட்ல புள்ளைங்க ஓடுது, என் பீரியட்ல பாஸாவுது. இன்னா சொல்ற?”

மூன்று லிட்டர்

தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினேன். மறுநாள் மாலையில் பார்த்தால், மாணவிகளின் பாட்டில்கள் காலையில் இருந்த மாதிரியே நிரம்பி இருந்தன. சோம்பேறித்தனம் என்று கொஞ்சம் கடிந்துகொண்டேன். கடைசி பெஞ்சிலிருந்து மலர்க்கொடி எழுந்தாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிற பெண். “ஏறுனா ரெண்டு மணி நேரம் பஸ்ஸு சார். தண்ணிய குடிச்சிட்டு நடுவுல எங்க எறங்கிப் போறது? உங்க புக்குல அதுக்கு எதனா எழுதியிருக்குதா?”

சிவப்பு மை

ஆளுக்கொரு நோட்டில் தூக்கம், சாப்பாடு, நடை மூன்றையும் தினமும் எழுதச் சொல்லியிருந்தேன். எல்லோரும் ‘நடை: ஒரு மணி நேரம்’ என்று ஒரே கையெழுத்தில் எழுதியது போல எழுதியிருந்தார்கள். ‘நன்று’ போட்டேன். மலர்க்கொடி மட்டும் மாதம் முழுக்க ‘நடை: இல்லை’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ‘முயற்சி போதாது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் நோட்டை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த தோழிதான் சொன்னாள்: மலர்க்கொடியின் ஊருக்குள் பஸ் வராதாம். விடியற்காலையில் ரோடு வரைக்கும் இறக்கத்தில் இறங்கி வருவாள், சாயங்காலம் அதே தூரம் ஏறிப் போவாள். “அதை ஏம்மா எழுதல?” என்று கேட்டேன். அவள் உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னாள்: “அது வூட்டுக்குப் போறதாச்சே சார். நடைன்னா ஷூ போட்டுக்கினு சும்மா சுத்தறதுன்னு நெனச்சேன்.”

ஆறரை மணி

காலைதான் பயிற்சிக்கு நல்ல நேரம் என்று படித்திருந்தேன். ஆறரை மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல்லி அறிவிப்பு ஒட்டினேன். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. காத்துக்கொண்டு நிற்பது போலத் தெரியக்கூடாது என்று நானே சுற்றி நடந்தேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. அறிவிப்பில் அதே நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்தேன். எங்கே தவறினேன் என்று யாரிடமும் கேட்கத் துணிவில்லை.

ஒரு நாள், தினமும் எனக்குக் கேட் திறந்துவிடும் காவலாளி டீயை நீட்டியபடி பேச்சுக் கொடுத்தார். நானும் இந்தப் பிள்ளைகள் வருகிற பஸ்களில் வந்து படித்தவன்தான். டவுனில் ஒரு வாடகை அறை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பஸ் நேரத்தை மறந்திருக்கிறேன். அவர் கேட்டது இதுதான்: “தப்பா நெனச்சிக்காதீங்க சார். தியாகதுருகத்து பசங்க வர்ற பஸ்ஸே எட்டு மணிக்கு மேலதான். மலைக்காரப் புள்ளைங்க இன்னும் லேட்டு. நீங்க யார எதிர்பாத்துக்கினு சுத்தறீங்க?”

பஸ் வரும் வரை

அறிவிப்பைக் கிழித்துவிட்டேன். கல்லூரி விட்டபின் பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பிள்ளைகள் நிழற்குடையில் உட்கார்ந்திருப்பார்கள். “பையை மரத்தடியில் வைத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி நடங்கள். செருப்போடு நடக்கலாம், பேசிக்கொண்டும் நடக்கலாம்” என்றேன். யாரும் அசையவில்லை. நான் தனியாக நடக்க ஆரம்பித்தேன். பின்னால் மலர்க்கொடியின் குரல் கேட்டது: “வாங்கடி, சார் ஒண்டியா சுத்தினா பேய் புடிச்சிக்கும்.” மூன்று பேர் வந்தார்கள். அப்புறம் எட்டுப் பேர். பையன்களும் சேர்ந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு, பேச்சுச் சத்தத்துக்கு நடுவே நடந்தேன்.

பருவத்தின் கடைசி வாரத்தில் முதல்வர் வந்து எண்ணினார். பதினேழு பேர். அவர் கெட்டவர் இல்லை; இன்னொரு முறையும் எண்ணிப் பார்த்தார். மறுநாள் பலகையில் அறிவிப்பு இருந்தது: என் நேரம் கம்ப்யூட்டர் வகுப்புக்கு.

அன்று மாலை நடையை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். “இதோடு எல்லாரும் விட்டுவிடுவீர்கள், இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மலர்க்கொடி என்னை வினோதமாகப் பார்த்தாள். “நீங்க இல்லன்னா பஸ்ஸு சீக்கிரமா வந்துடப் போவுதா சார்? நாங்க பாட்டுக்கு நடந்துக்கினு இருப்போம்.”

ஆயுள் முழுக்க நிற்கிற பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு பருவத்துக்கு மேல் நிற்காதது நான் மட்டும்தான்.