பற்றரி இல்லாமல் ஓடிய விளையாட்டு

சுவிஸில் இருந்த சித்தப்பா எனக்கென்று ஒரு வீடியோ கேம் அனுப்பியிருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புப் பெட்டி, நடுவில் சாம்பல் நிறத் திரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான். கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் பைக்குள் இருந்து உருத்திரபுரம் வரைக்கும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. பற்றரி மட்டும் வரவில்லை. வவுனியாவில் இராணுவச் சோதனையில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் விட்டார்களாம். போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பற்றரி வராது என்பது பெரியவர்களுக்குப் பழகிப்போன விஷயம். எனக்குப் பதினொரு வயது, பழகவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"விடு பிள்ளை, அலுமாரிக்குள்ள வை. ஒருநாளைக்குப் பற்றரி வரும்தானே," என்றார் அம்மா.

மூன்றாம் நாள் என் சிநேகிதி வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய வீடு. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். அவளுடைய அப்பா எங்கள் வயலிலும் அக்கம்பக்கத்து வயல்களிலும் வேலை செய்தார். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வாங்கில்தான் இருப்போம். பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, வெயிலுக்கு நேரே சரித்துப் பிடித்தாள்.

"ஏய், இங்க பாரு. உள்ள ஆளு இருக்கான்!"

உண்மைதான். கண்ணாடிக்குள் மெல்லிய நிழலாக ஒரு குண்டு மனிதன் கைகளை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு மேலே வட்டம் வட்டமாக என்னவோ விழுவதுபோல் அசையாமல் நின்றன.

"குண்டு போடுறாங்கள். இவர் பங்கருக்குள்ள ஓட வேணும்," என்றேன் நான். எனக்கு வேறு என்ன தோன்றும்?

"குண்டுன்னா அவன் ஏன் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறான்? அது வடை."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் குசினிக்குள் இருந்த அம்மா வெளியே வந்து பார்த்தார். அதிலிருந்துதான் எங்கள் விளையாட்டு பிறந்தது. வேலியோரப் பூவரசின் கீழ் இருந்து, ஒருத்தி பொத்தானை அமத்தி, குண்டு மாமா என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். மற்றவள்தான் மெஷின், அடுத்தது என்ன நடக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். எவள் முதலில் சிரிக்கிறாளோ அவளுக்குத் தோல்வி, மற்றவளுக்கு ஒரு புள்ளி. புள்ளிகளை மண்ணில் கீறி வைப்போம்.

தோற்றுக்கொண்டே இருந்தது நான்தான். அவள் மெஷினாக இருந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் குண்டு மாமாவின் மீசை அவரோடு கோபித்துக்கொண்டு பூநகரிக்கு பஸ் ஏறிவிட்டது. அங்கிருந்து திரும்பி வர மூன்று நாளாக பஸ் இல்லை. காத்திருந்து காத்திருந்து மீசை வளர்ந்து தாடியாகிவிட்டதாம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தேன். இன்னொரு நாள் ஓர் எருமை வாத்தியாராக வந்து, விழுகிற வடைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வாசித்து டாப்பு கூப்பிட்டது. ஓட்டை இல்லாத வடையை முழங்காலில் நிறுத்தியது.

தோற்றால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். "எங்கட சித்தப்பா அனுப்பினது, தா!" என்று பெட்டியைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஒரேயொரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பிக்குக் காட்டிவிட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். மாட்டேன் என்றுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு மாரி முடிவில், தாங்கள் வவுனியாப் பக்கம் போகப் போவதாகச் சொன்னாள். அங்கே அவளுடைய மாமாவுக்குக் காணி கிடைத்திருந்தது. வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்தாகிவிட்டது, அடுத்த கிழமை பயணம்.

"போறதுக்கு முன்ன ஒரு தடவ இது நெசமா ஓடுறத பாக்கணும்," என்றாள்.

எங்கள் வீட்டில் மின்சாரம் தருகிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அப்பாவின் சைக்கிள். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொழுவியிருந்தார். ஒருவர் மிதித்தால்தான் மற்றவர்களுக்குச் செய்தி கேட்கும். ஆறுதலாக மிதிக்க வேண்டும், வேகமாக மிதித்தால் றேடியோ எரிந்துபோகும் என்று அப்பா நாளுக்கு மூன்று தரம் சொல்லுவார். அவர் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வயரை றேடியோவிலிருந்து கழற்றி, கேமில் பற்றரி இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அமத்தினேன்.

பெட்டி என்னுடையது அல்லவா? அதனால் முதலில் பார்ப்பதும் நான்தான். அவள் ஏறி மிதித்தாள்.

"கீக்" என்றது. திரையில் குண்டு மாமா கறுப்பாக எழும்பி நின்றார். கையில் கூடை. மேல் மூலைகளில் கோழிகள். கோழி முட்டை போடும், முட்டை உருண்டு வரும், இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்து அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் கீக். விட்டால் முட்டை உடையும். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை.

"என்னா நடக்குது? சொல்லேன்!" என்று அவள் மூச்சு வாங்க வாங்கக் கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்ட நாளிலிருந்து இதற்காக அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தவள்.

"வடை விழுது," என்றேன். "எருமை வாத்தியார் வந்திட்டார்."

அவளுடைய முறை வந்தது. இறங்கி வந்து பெட்டியை வாங்கினாள். நான் மிதித்தேன். என் பொய் பிடிபடப் போகிறது என்பதைவிட, இனிக் குண்டு மாமா வெறும் முட்டைக்காரனாகிவிடுவார் என்பதுதான் பயமாக இருந்தது. கீக், கீக் என்று சத்தம் வந்தது. அவள் பெட்டியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு பொத்தான்களை மாறி மாறி அமத்தினாள்.

"என்னடி தெரியுது?" என்றேன்.

"மீசை பஸ்ஸ விட்டு எறங்கிருச்சு," என்றாள், தலையைத் தூக்காமல். "கையில ஒரு சூட்கேஸு."

அது வெறும் முட்டை விளையாட்டு என்பதை அவள் கவனிக்கவில்லை என்றே நினைத்தேன். சந்தோசத்தில் கால் தன்பாட்டில் வேகமாக மிதித்துவிட்டது. திரை முழுவதும் கறுத்து, ஒரு கருகல் மணம் வந்து, பெட்டி நின்றுபோனது. அதன் பிறகு எத்தனை மிதித்தும் அது எழும்பவேயில்லை.

அவர்கள் போன அன்று சாமான்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியிருந்தார்கள். புளியங்குளம் வரைக்கும் அதில், பிறகு வேறு வழி பார்க்க வேண்டும். நான் வாய்க்காலைத் தாண்டி ஓடிப்போய், கேமை அவளுடைய கையில் வைத்தேன்.

"நீயே வைச்சிரு. பழுதாப் போச்சுத்தான், எண்டாலும் வைச்சிரு."

அவள் அதை வெயிலுக்குச் சரித்துப் பார்த்தாள். பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"முட்டைய விட வடையே நல்லாருந்துச்சு, இல்ல?"

அழுதுகொண்டு நின்ற நான் சிரித்துவிட்டேன். எங்கள் விதிப்படி அந்தப் புள்ளியும் அவளுக்குத்தான்.