எர்த் பட்டைக்கு அடியில்

விறகுத் தொட்டி முதலாளியின் பிக்கப் வண்டி கிளம்பாமல் போனதற்குக் காரணம் நான். வேலை போனது டிரைவருக்கு. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மீதியைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்களில் நான்தான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. இருபத்தேழு வயது. டைனமோவோ செல்ஃப் மோட்டாரோ, வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டுக் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவேன். சொன்னது தப்பாகப் போனால் வண்டிக்காரன் மேல் எரிந்து விழுவேன். பெரும்பாலும் சொன்னது சரியாகவே போனதால் என் கோபத்தையும் ஊரில் திறமை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

முதலாளி தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்து விறகுத் தொட்டி வைத்தவர். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஒரு பழைய பிக்கப் அவரிடம் இருந்தது. விடிவதற்குள் சவுக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு அது சாயப் பட்டறைகளுக்குப் போகும். கட்டை வந்தால்தான் அடுப்பு எரியும், அடுப்பு எரிந்தால்தான் பட்டு நூலுக்குச் சாயம் ஏறும். அதனால் வண்டி நேரத்துக்குப் போயாக வேண்டும்.

அதை ஓட்டியவர் முசரவாக்கம் காலனிக்காரர். பட்டாளத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர். அந்தக் காலனியில் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், இருந்தாலும் என்னை ‘மேஸ்திரி, வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். நான் நேரில் ‘டிரைவரே’ என்பேன், பின்னால் ‘அந்த ஆள்’ என்பேன். அந்தக் காலத்தில் அது எனக்கு உறுத்தியதே இல்லை. வண்டியை எங்கே நிறுத்தினாலும் அவர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முன் விளக்கு, பின் விளக்கு, கேபின் விளக்கு எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். பட்டாளத்துப் பழக்கம். இதை நான் என் கண்ணாலேயே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டி புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்றார் முதலாளி. பெயிண்டர் கிடைக்கவில்லை. நானே அடிக்கிறேன் என்று வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். எங்கள் ஊரில் பூஜையன்று சுத்தியல், ஸ்பானர், தறிக் கட்டை வரைக்கும் சந்தனப் பொட்டு இல்லாமல் எதுவும் இருக்காது. அந்த வேகத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேஸி முழுவதற்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். பேட்டரியிலிருந்து சேஸிக்கு ஒரு பின்னல் பட்டை வரும், எர்த் பட்டை என்போம். எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட் முழுக்க அதன் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டையைக் கழற்றி, அது உட்காரும் இடத்துக்கும் இரண்டு கோட் பூசி, காய்ந்தபின் பெயிண்ட் மேலேயே வைத்து முறுக்கிவிட்டேன். அந்த இடத்தில் வெறும் இரும்பு இருந்தால் அசிங்கமாகத் தெரியும் என்று நினைத்தேன். அங்கே வெறும் இரும்புதான் இருக்க வேண்டும் என்பது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிகிற பாடம். பூஜையன்று எல்லோரும் வண்டியைப் பார்த்துப் பாராட்டினார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாளில் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. சில நேரம் இரண்டாவது தடவையில் பிடிக்கும். சில நேரம் நாலு பேர் தள்ள வேண்டும்.

தள்ளிக் கிளப்பலாமே என்று கேட்கலாம். பட்டறைகளுக்குப் போகிற வழி நெசவாளர் தெரு, அங்கே விடியற்காலையில் அது நடக்காது. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஒவ்வோர் இழையாகப் பார்த்துச் சரிசெய்வார்கள். அது முடிகிறவரைக்கும் எந்த வண்டியும் தெருமுனையில் நிற்க வேண்டும், எஞ்சினையும் அணைத்துவிட வேண்டும். பட்டின் மேல் புகை படிந்தால் தொலைந்தது. பாவைச் சுருட்டி எடுத்ததும் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும், ஏனென்றால் அடுத்த வீட்டுக்காரர் தன் பாவோடு காத்திருப்பார். அந்தச் சின்ன இடைவெளியில் செல்ஃப் எடுத்தாக வேண்டும்.

ஒரு நாள் எடுக்கவில்லை. தெருமுனையில் வண்டி அசையாமல் நின்றது. தள்ள ஆள் சேர்ப்பதற்குள் அடுத்த பாவை விரித்துவிட்டார்கள். கட்டை பட்டறைக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. சாயப் பட்டறைக்காரர் முதலாளியைக் கூப்பிட்டு, இனிமேல் வேறு தொட்டியில் கட்டை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதற்குள் நான் மூன்று தடவை அந்த வண்டியைப் பார்த்திருந்தேன். டெர்மினலைச் சுரண்டினேன், செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கார்பன் மாற்றினேன், சுவிட்ச் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பேட்டரி இறங்கியே இருந்தது. டைனமோவின் சார்ஜும் அதே எர்த் பட்டை வழியாகத்தான் வர வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்:

“பூஜைக்கு முன்னாடி இந்தத் தகராறு இல்லீங்க மேஸ்திரி. அப்புறந்தான் இப்படி ஆயிக்கினு இருக்குது.”

“பூஜை போட்டா வண்டி கெட்டுடுமா? நீங்க வண்டிய ஓட்டுங்க, வேலைய நான் பாத்துக்கறேன்” என்று வெட்டினேன்.

பட்டறைக்காரர் கைவிட்ட அன்று சாயங்காலம் முதலாளி என்னைத் தொட்டிக்குக் கூப்பிட்டார். டிரைவரும் கட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“இன்னா தம்பி, நீ ரிப்பேர் பாத்தும் இப்படி நிக்குதே. உன்னால ஆவலன்னா சொல்லிடு, வாலாஜாபாத்துல ஒரு ஆள் இருக்கான்னு சொல்றாங்க.”

அந்த ஒரு பேச்சு போதும் எனக்கு. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டேன்: “வண்டியில ஒண்ணுமில்லீங்க. ராத்திரி கேபின் லைட்டப் போட்டுட்டு யாரோ தூங்கறாங்க. பேட்டரி சும்மா இறங்குமா?”

யாரோ என்றுதான் சொன்னேன். அந்த வண்டியில் படுப்பது ஒரே ஓர் ஆள்.

“நான் லைட்டே போடறதில்லீங்க” என்றார் டிரைவர். முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சுற்றிச் சுற்றி வந்து விளக்குகளைப் பார்ப்பது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தார். நான் என் பெட்டியில் ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இதே சந்தேகம் முதலாளியின் சொந்தக்காரப் பையன் மேல் விழுந்திருந்தால் நாலு பேரைக் கேட்டு விசாரித்திருப்பார்கள். முசரவாக்கம் காலனிக்காரர் என்பதால் விசாரணை தேவைப்படவில்லை. அதுவும் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தே இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

புது பேட்டரி வாங்கினார்கள், புது டிரைவர் வந்தார். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே ‘டக்’. இந்தத் தடவை புது டிரைவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தேன். எர்த் பட்டை விரலைச் சுட்டுவிட்டது. போல்ட்டைக் கழற்றினேன். பட்டைக்கு அடியில் என் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. போல்ட்டின் மரை மட்டும் எங்கோ இரும்பைத் தொட்டு விளக்குகளுக்கு வேண்டிய கரண்ட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது. செல்ஃப் கேட்கிற கரண்ட்டுக்கு அது எந்த மூலைக்கு?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைக் குறை சொன்னதோடு நிற்காமல் ஓர் ஆளையே வெளியே தள்ளியிருக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்தபடியே உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பட்டையை முறுக்கினேன். சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். “பாத்தியா தம்பி, அந்த ஆளு போனான், வண்டி சரியாயிடுச்சு.”

பெயிண்ட் தூள் ஒட்டிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார், ஊரில் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

மழைக்காலம் போய்த் தை மாதத்தில், செவிலிமேட்டில் ஒரு மணல் லாரிக்கு டைனமோ பார்க்கப் போனேன். பாலாற்று மணலில் பழைய டிரைவர் நின்றிருந்தார். கையில் மண்வெட்டி. அந்த லாரிக்கு மணல் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். லாரிக்கு இன்னும் டிரைவர் அமையாமல் சீட் காலியாக இருந்தது. லைட்டைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவன் என்ற பேர் டவுன் முழுக்கப் பரவியிருந்ததால் யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “வாங்க மேஸ்திரி” என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. பெயிண்ட் அடித்தது, பட்டை சுட்டது, முதலாளி சொன்னது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். “தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்குங்க” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை.

“லைட்டு நான் போடலன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே மேஸ்திரி. தெரிஞ்சவன் கிட்டயே வந்து சொல்றீங்களே” என்றார். “தெரியாதவரு தொட்டியில குந்திக்கினு இருக்காரு. அவர் கிட்ட சொல்லுங்க. இந்த லாரிக்காரர் அவரைக் கேட்டுட்டுத்தான் என்னை சீட்டுல ஏத்துவேன்னு சொல்லியிருக்காரு.”

சொல்கிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். சைக்கிளை நேராகத் தொட்டிக்கு விட்டேன். முதலாளி எடைத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“நல்ல நேரத்துக்கு வந்த. மணல் லாரிக்காரர் ஆள் அனுப்பிக் கேட்டிருக்காரு, நம்ம பழைய டிரைவர் எப்படின்னு. உனக்குத்தான் தெரியும். நீ இன்னா சொல்றே?”

கட்டை எடை போட வந்தவர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நல்லா ஓட்டுவாருங்க” என்றேன்.

“ஓட்டுவான்பா, அது தெரியும். பொறுப்பா இருப்பானா? அதத்தான் கேக்கறாங்க.”

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி ரொம்ப நாளாகிறது என்று சொல்லிவிட்டு வண்டிப் பக்கம் போனேன். பானெட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து நின்றேன். எனக்குப் பின்னால் முதலாளி லாரிக்காரர் அனுப்பிய ஆளிடம் பதில் சொல்லி அனுப்புவது கேட்டது. லாரி வேறொருவருக்குப் போயிற்று.